அலைப் பள்ளியில் 47 வயது மாணவன்

கற்றுக்கொள்வதற்கு வயது வரம்பு இல்லை என்று மேடைகளில் பலரும் பேசக் கேட்டிருக்கிறோம். சந்தர்ப்பம் வாய்த்தபோது நாமே பேசியும் இருக்கிறோம். ஆனால் அவ்வாறு பேசுகிறவர்களில் எத்தனை பேர், தலை நரைக்கத் தொடங்கிய பின்னர் ஏதேனும் ஒன்றை அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்து, பத்து வயதுச் சிறுவர்களின் நடுவே நின்று, தவறு செய்து, தடுமாறி, பிறர் நகைக்கக் கற்றிருக்கிறார்கள்? சென்ற பிப்ரவரி மாதம் வரையில் நாமும் பேசுகிறவர்களின் கூட்டத்தைச் சேர்ந்தவர்களாகவே இருந்தோம். பிப்ரவரியின் முதல் சனிக்கிழமையன்று சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளம் கடற்கரையில் ஒரு பலகையின்மேல் குப்புறப் படுத்தபோதுதான், நம் பேச்சு எவ்வளவு மலிவானது என்பது நமக்குத் தெரிந்தது.

அலைச்சறுக்கு என்னும் இந்த விளையாட்டை வாசகர்கள் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். நீண்ட பலகை ஒன்றின்மேல் படுத்துக் கைகளால் நீரைத் தள்ளிக் கடலுக்குள் சென்று, வரும் அலை பலகையைத் தூக்கும் கணத்தில் எழுந்து நின்று, அந்த அலையின் சரிவிலேயே கரை நோக்கி வழுக்கி வருவதுதான் அது. சொல்லும்போது ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. செய்யும்போது ஆறு வாரங்கள் ஆயின.

நாம் இதில் இறங்கிய வரலாறு பெருமைக்குரியதன்று. நமக்கு நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதும் உத்தியோகம். இருபத்திரண்டு ஆண்டுகள் அவ்வாறு அமர்ந்ததன் பயனாக முதுகு வலியும், சற்றே முன்வந்த வயிறும், மருத்துவரின் கண்டிப்பும் நமக்குக் கிடைத்தன. நீந்துவது நல்லது என்றார் மருத்துவர். சிறுவயதில் ஊர்க் கிணற்றில் குதித்து நீந்தப் பழகியவர்கள் நாம். ஆகவே நீர் நமக்குப் புதிதன்று. எனினும், 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கிய பிறகு, மற்றப் பல இல்லங்களைப் போலவே நம் இல்லத்திலும் கடல் என்பது மணலில் அமர்ந்து பார்ப்பதற்கு மட்டுமே உரிய பொருளாகிவிட்டது. கணுக்கால் நனைந்தால் போதும், துணைவியார் குரல் கொடுத்துவிடுவார். இந்நிலையில், "மாமா, கோவளத்துக்கு ஒருநாள் வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று தமக்கையின் மகன் அழைத்தான். அவன் அழைத்த வேளையில் நமக்கும் வீட்டைவிட்டுச் சில மணி நேரம் விலகியிருந்தால் நல்லது என்று தோன்றியது.

அதற்குக் காரணம் உண்டு. எட்டாம் வகுப்பில் பயிலும் நம் மகன் அரையாண்டுத் தேர்வில் கணக்குப் பாடத்தில் நூற்றுக்கு 31 மதிப்பெண் பெற்றிருந்தான். கணக்கெழுதிப் பிழைப்பவரின் மகன் கணக்கில் தோற்பதா என்னும் வெட்கம் நம்மைச் சுட்டது. மதிப்பெண் பட்டியலில் கையொப்பமிடும்போது, "வகுப்பில் எல்லாரும் செய்கிறார்கள். உன்னால் மட்டும் ஏன் முடியவில்லை?" என்று கேட்டோம். அவன் பதில் சொல்லவில்லை. அதன்பின் கணக்குப் புத்தகத்தை நம் முன்னிலையில் திறப்பதையே விட்டுவிட்டான். ஒரு கூரையின் கீழிருந்தும் இருவரும் ஒரு மாதம் ஒழுங்காகப் பேசிக்கொள்ளவில்லை.

மீனவர் கடல்

கோவளம் சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டைத் தாண்டியதும் வரும் மீனவர் ஊர். கடலோரத்தில் கார்மேல் மாதா ஆலயம் இருக்கிறது. தர்கா ஒன்றும் இருக்கிறது. அதிகாலையில் நாம் சென்றபோது படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. மணலில் வலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதே மணலின் மற்றொரு பகுதியில் நீலமும் மஞ்சளுமாகப் பலகைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

இவ்வூரில் அலைச்சறுக்கு வேரூன்றியதற்கு இவ்வூர் மீனவர் ஒருவரே காரணம். மூர்த்தி மேகவன் என்னும் அவர், சிறுவனாய் இருந்த காலத்தில் கிடைத்த மரப்பலகையில் அலைமேல் விளையாடியவர். பிற்காலத்தில் வெளிநாட்டவர் ஒருவரின் உண்மையான அலைச்சறுக்குப் பலகையில் ஏறிப் பார்த்து, தாமே பயின்று, பின்னர் 2012-ஆம் ஆண்டில் ஊர்ச் சிறுவர்களுக்காகப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 2013-ஆம் ஆண்டிலிருந்து இங்கே அலைச்சறுக்கு விழாக்கள் நடந்தன. 2025 ஆகஸ்டில் அருகிலுள்ள மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டிகளே நடைபெற்றன. இன்று இக்கரையோரத்தில் பயிற்சி அளிப்போரில் பலர் மீனவர் குடும்பத்து இளைஞர்கள்.

இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. சென்னைக்குத் துறைமுகம் இல்லாதிருந்த காலத்தில், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகளையும் பண்டங்களையும் கொந்தளிக்கும் கரையலைகளின் ஊடே ஏற்றி இறக்கியவர்கள் இக்கரையின் மக்களே. ஆணி அறையாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அதற்கென்றே அமைந்தவை. அலை மோதும்போது அவை நெளிந்து கொடுக்கும், உடையமாட்டா. கட்டுமரக்காரர்கள் கடிதங்களைத் தங்கள் தொப்பியினுள் நனையாமல் வைத்துக் கப்பலுக்குக் கொண்டுசெல்வார்களாம். கட்டுமரம் என்னும் நம் சொல்லே ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்று ஆயிற்று. அலையைப் படிக்கும் அறிவு இக்கரைக்கு அயலிலிருந்து வந்ததன்று, பலகைதான் வந்தது.

அந்தப் பலகை பிறந்த இடம் பசிபிக் மாகடலின் தீவுகள். ஹவாய்த் தீவினர் இதனை 'ஹெஎ நலு' என்றனர். அலையில் வழுக்குதல் என்பது அதன் பொருள். அரசரும் குடிகளும், ஆடவரும் பெண்டிரும் அங்கே அலையேறினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியிலிருந்து வந்த கொள்ளைநோய்களால் அம்மக்கள் பெருந்தொகையாக மடிந்தபோது இக்கலையும் மங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் தழைத்தது. அத்தீவில் பிறந்த டியூக் கஹானமோக்கு, 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் வென்றவர். 1914-ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று சிட்னி நகரத்துக் கடலில் அலைச்சறுக்கிக் காட்டியவரும் அவரே. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இது முதன்முறையாகப் போட்டியாகச் சேர்க்கப்பட்டது.

பெரிய பலகையும் சிறிய பலகையும்

நமக்கு வாய்த்த ஆசிரியருக்கு வயது 21. தந்தையார் இன்றும் கடலுக்குச் செல்லும் மீனவர். அவர் நம்மைச் 'சார்' என்றார். நாம் அவரைத் 'தம்பி' என்றோம். முதல் ஐந்து நிமிடங்கள் அவர் ஒன்றும் பேசவில்லை. மணலில் குந்தி அமர்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் மணலில் விரலால் பலகையின் உருவத்தை வரைந்து, அதன்மேல் நம்மைப் படுக்கச் சொன்னார். மார்பின் இருபுறமும் உள்ளங்கைகளை ஊன்றி, உடம்பின் மேற்பகுதியை உயர்த்தி, பின்காலை வைத்து, முன்காலை இரு கைகளுக்கும் இடையே கொண்டுவந்து, முழங்கால் மடங்கியபடி நிற்கவேண்டும். மணலில் பத்து முறை செய்வதற்குள் நமக்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் இருந்த சிறுவர்கள் தவளைபோல் துள்ளி எழுந்தார்கள்.

அதன்பின் நமக்கென்று ஒரு பலகையை இழுத்து வந்தார். ஏறத்தாழ 9 அடி நீளம், மெத்தைபோல் மிருதுவான மேற்பரப்பு, வானநீல நிறம். அதே வகைப் பலகையில்தான் முதல்நாள் வந்த சிறுவர்களும் படுத்திருந்தார்கள். நமக்குக் கூச்சமாக இருந்தது. சற்றுத் தொலைவில், பயின்ற இளைஞர்கள் 6 அடிப் பலகைகளில் மின்னல்போல் திரும்புவதைக் கண்ட நாம், "அதைப் போல ஒன்று கொடுங்கள், தம்பி. இது குழந்தைகளுக்கு உரியது அல்லவா?" என்றோம்.

"வேண்டாம் சார், அது உங்களைத் தாங்காது" என்றார். நாம் விடவில்லை. வயதுக்கு மரியாதை கொடுத்து, மனமில்லாமல் சற்றுச் சிறிய பலகை ஒன்றைக் கொடுத்தார்.

அன்றும் அடுத்த சனிக்கிழமையும் நாம் பட்ட பாட்டை விவரித்தால் பக்கம் போதாது. படுத்தாலே பலகை ஒருபுறம் சாய்ந்தது. கையால் நீரைத் தள்ளினால் முனை நீருக்குள் புகுந்தது. அலை வந்தால் நாம் ஒருபுறமும் பலகை மறுபுறமும் சென்றோம். மூக்கின் வழியே புகுந்த உப்புநீர், மாலையில் வீட்டில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது தரையில் கொட்டியது. விலாவும் தோளும் வலித்தன, முழங்காலில் சிராய்ப்பு. எல்லாவற்றையும்விடக் கடுமையாக வலித்தது வேறொன்று. நம்மைக் கடந்து பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பலகையில் நின்றபடி கரை சேர்ந்தபோது, நம் மனத்துக்குள் ஒரு குரல் கேட்டது: 'எல்லாரும் செய்கிறார்கள். உன்னால் மட்டும் ஏன் முடியவில்லை?'

அந்தக் குரல் எங்கே கேட்ட குரல் என்பதை அடையாளம் காண நமக்குச் சற்று நேரம் ஆயிற்று. கண்டுகொண்டபோது, இடுப்பளவு நீரில் பலகையைப் பிடித்தபடி அசையாமல் நின்றுவிட்டோம்.

முப்பத்தொரு வயதில் இருவர்

அவ்வாரம் வீட்டிலிருந்து படித்ததில், நம்மைப் போன்ற முதிர்ந்த மாணவர்கள் இருவரின் வரலாறு ஆறுதலளித்தது. முதல்வர் அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன். 1907-ஆம் ஆண்டில், தம் 31-ஆம் வயதில், அவர் ஹவாயின் வைக்கிக்கிக் கடற்கரைக்கு வந்தார். சிறுவர்கள் விளையாடிய ஆழமற்ற நீரில், சிறு பலகை ஒன்றோடு இறங்கி, அவர்கள் செய்வதைப் பார்த்து அப்படியே செய்ய முயன்றார். சிறுவர்கள் ஒவ்வொரு முறையும் அலையேறிச் சென்றார்கள். அவர் ஒவ்வொரு முறையும் பின்தங்கினார். அப்போது அங்கே வந்த அலெக்ஸாண்டர் ஹியூம் ஃபோர்டு என்பவர், அந்தப் பலகையை விட்டுவிடும்படி சொல்லி, தம் பெரிய பலகையைக் கொடுத்து, அதில் படுக்கும் இடத்தையும் புறப்படும் தருணத்தையும் காட்டித் தந்தார். அதன் பிறகே லண்டன் அலையேறினார். மகிழ்ச்சி மிகுதியால் வெயிலை மறந்து நான்கு மணி நேரம் நீரில் இருந்துவிட்டு, மறுநாள் தோல் வெந்து படுக்கையில் கிடந்தார் என்பது வேறு கதை.

மற்றவர் துப்பறியும் நாவல்களால் உலகறிந்த அகதா கிறிஸ்டி அம்மையார். 1922-ஆம் ஆண்டில் கணவரோடு உலகைச் சுற்றி வந்தபோது, அவரும் தம் 31-ஆம் வயதில், தென்னாப்பிரிக்காவின் மூய்ஸன்பர்க் கடற்கரையில் படுத்தபடி அலைச்சறுக்கவும், பின்னர் ஹவாயில் நின்றபடி சறுக்கவும் கற்றார். பவளப்பாறை பாதங்களைக் கிழித்தது. அழகிய பட்டுக் குளியலுடையை அலைகள் குலைத்துவிட்டன. அவர் மென்தோல் காலணியும் உறுதியான கம்பளி உடையும் வாங்கிக்கொண்டு மீண்டும் கடலில் இறங்கினார்.

லண்டனின் கதையில் நம்மை நிறுத்தியது பலகை பற்றிய செய்தி. அத்தனை முறை அவர் தோற்றதற்கு அவரிடம் திறமை இல்லாதது காரணமன்று. காலடியில் இருந்தது அவருக்கு ஏற்றதாக இல்லை. மூன்றாம் சனிக்கிழமை காலையில் நாம் வாய் திறக்காமல் சென்று, வானநீலப் பலகையை நாமே தூக்கிக்கொண்டோம். தம்பி சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அலையின் இயல்பு

பெரிய பலகை ஏன் எளிது என்பதற்குக் காரணம் உண்டு. நீளமும் அகலமும் கூடும்போது அது உடம்பை நன்றாக மிதக்கச் செய்கிறது. குறைந்த வேகத்திலேயே அலையின் தள்ளுதலை ஏற்றுக்கொள்கிறது. எழும்போது எளிதில் கவிழ்வதில்லை. அதன் அடியில் மீனின் துடுப்பைப் போன்ற தகடுகள் இருந்து நேர்வழியில் செலுத்துகின்றன.

அலையைப் பற்றியும் நாம் தவறாகவே எண்ணியிருந்தோம். ஆழ்கடலில் அலை வரும்போது தண்ணீர் நம்மை நோக்கி ஓடி வருவதில்லை. தொலைவில் வீசிய காற்று கொடுத்த ஆற்றல்தான் நீரின் வழியே பயணம் செய்கிறது. நீர்த்துளியோ ஏறத்தாழ இருந்த இடத்திலேயே வட்டமிட்டு அடங்குகிறது. கரை நெருங்கி ஆழம் குறையும்போது அலையின் அடிப்பகுதி தாமதப்பட, மேற்பகுதி முந்திக் குப்புற விழுகிறது. அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு ஆழமுள்ள இடத்தில் அது உடையும். மூன்றடி அலை நாலடி ஆழத்தில் உடைவதை நம் கழுத்தளவு நீரில் நின்று நாமே அளந்து பார்த்தோம்.

உடைந்த அலை வெண்ணுரையாகக் கரை நோக்கி ஓடும். தொடக்க மாணவனின் வகுப்பறை அந்த நுரைதான். அதற்கு அப்பால், உடையாத பச்சை அலையில் ஏறுவது மேல்வகுப்பு. அலைகள் கூட்டமாக வரும். சில பெரியவை வந்தபின் சற்று ஓய்வு. அந்த ஓய்வில்தான் உள்ளே செல்லவேண்டும். தம்பி முதல் ஐந்து நிமிடங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது ஏன் என்பது அப்போதுதான் விளங்கியது.

விழவும் வேண்டும், அஞ்சவும் வேண்டும்

நமக்கு முதலில் கற்பிக்கப்பட்ட பாடம் நிற்பதன்று, விழுவது. தலைகீழாகப் பாயாமல், பலகையை விட்டு விலகி, முதுகோ பக்கவாட்டோ படும்படி தட்டையாக விழவேண்டும். ஆழமற்ற இடத்தில் தலை தரையில் மோதினால் கழுத்துக்கே ஆபத்து. நீருக்கு மேலே வரும்போது இரு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டு எழவேண்டும். ஏனெனில் பலகை தலைக்கு மேலேயே இருக்கக்கூடும். பலகையை ஒருபோதும் நமக்கும் வரும் அலைக்கும் நடுவே பிடிக்கக்கூடாது. அலை அதை நம் முகத்தில் அறைந்துவிடும். கணுக்காலையும் பலகையையும் இணைக்கும் நெகிழ்கயிற்றைக் கட்டாமல் இறங்கலாகாது. ஒருவர் ஏற்கனவே ஏறிய அலையில் குறுக்கே புகுவதும் குற்றம்.

இவற்றைவிட முக்கியமான ஒன்றை எல்லாக் குடும்பத்தாரும், அலைச்சறுக்காதவர்களும், அறிந்திருக்கவேண்டும். கரைக்கு வந்த நீர் சில இடங்களில் குறுகிய வாய்க்கால் போலத் திரண்டு கடலுக்குள் திரும்பி ஓடும். அங்கே அலை உடையாமல் அமைதியாகத் தோன்றும்; அனுபவமற்றவர்கள் அதுவே நல்ல இடம் என்று அங்கேயே இறங்குவார்கள். சில வேளைகளில் அவ்வோட்டம் விநாடிக்கு 2 மீட்டருக்கும் மேலான வேகம் கொள்ளும்; ஒலிம்பிக் வீரராலும் அதை எதிர்த்து நீந்த இயலாது. அகப்பட்டவர்கள் கரையை நோக்கி நீந்திக் களைத்துப்போவதால்தான் மடிகிறார்கள். பதற்றமின்றி மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அந்தக் குறுகிய ஓட்டத்திலிருந்து வெளிவந்துவிடலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கரையில் கடல் சீறும். அப்போது தொடக்க மாணவனுக்கு அங்கே வேலை இல்லை.

மேலே சொன்ன டியூக் கஹானமோக்குவின் வாழ்வில் ஒரு நாள் நினைவுகூரத் தக்கது. 1925 ஜூன் 14-ஆம் நாள் கலிபோர்னியாவில் 'தெல்மா' என்னும் படகு பேரலையில் கவிழ்ந்து 17 பேர் இறந்தனர். பிழைத்தவர்கள் 12 பேர். அவர்களில் 8 பேரைத் தம் அலைச்சறுக்குப் பலகையில் மீண்டும் மீண்டும் சென்று கரைசேர்த்தவர் அவர். விளையாட்டுப் பொருளாக இருந்த பலகை உயிர்காக்கும் கருவியாகவும் மதிக்கப்பட அந்நாள் வழிகோலியது.

எழுந்து நின்ற காலை

ஐந்தாம் சனிக்கிழமையன்று துணைவியாரும் மகனும் உடன் வந்தார்கள். துணைவியார், நாம் கரைசேரும்வரை கையில் துண்டோடு நின்றார். மகன் மணலில் அமர்ந்திருந்தான். நாம் விழுந்தோம், மீண்டும் விழுந்தோம். பெரிய பலகையில் படுக்கவும் நுரையைப் பிடிக்கவும் பழகிவிட்டது. முழங்காலில் நிற்கவும் முடிந்தது. முழுவதுமாக எழும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் முன்னே சாய்ந்து விழுந்தோம். ஏழாவது முறை கரைக்குப் பக்கத்தில் கவிழ்ந்து எழுந்தபோது, மகன் சிரித்துக்கொண்டே ஓடிவந்தான். ஒரு மாதத்துக்குப் பின் நம் முன்னால் அவன் சிரித்தது அன்றுதான்.

"அப்பா, எழுந்திருக்கும்போது நீங்க காலைப் பார்க்கிறீங்க" என்றான்.

"தம்பி கரெக்டா சொல்றான், சார்" என்றார் ஆசிரியர். "கீழே பார்க்காதீங்க. எங்கே பார்க்கிறீங்களோ அங்கேதான் போவீங்க. மாதா கோயிலைப் பாருங்க."

அடுத்த நுரை வந்தது. பலகை பின்னாலிருந்து உயர்த்தப்படுவதை உணர்ந்தோம். கைகளை ஊன்றினோம். கரையில் தெரிந்த ஆலயத்தின் உச்சியைப் பார்த்தபடியே எழுந்தோம். கால்கள் எங்கே இருந்தன என்று தெரியாது, ஆனால் நின்றுகொண்டிருந்தோம். பலகையின் அடியில் நீர் சலசலத்தது. கரை நம்மை நோக்கி வந்தது. மகன் பின்னர் சொன்ன கணக்குப்படி அது எட்டு விநாடி. அதன்பின் மகிழ்ச்சியில் கையை உயர்த்தினோம், உயர்த்தியதும் விழுந்தோம்.

வீட்டு மேசையில்

அன்று மாலை நாம் மகனிடம், கணக்குப் புத்தகத்தை எடுத்து வா என்று சொல்லவில்லை. "கணக்கில் நீ எந்த இடத்தில் விழுகிறாய் என்று எனக்குக் காட்டுவாயா? உன் அப்பா விழுவதை நீ பார்த்தாய் அல்லவா?" என்று கேட்டோம். சற்று நேரம் யோசித்துவிட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தான்.

கணக்கு இதுதான். ஓர் எண்ணின் மும்மடங்கோடு 9-ஐக் கூட்டினால் 3 வருகிறது; அந்த எண் யாது? முதல் வரியைச் சரியாக எழுதினான். இரண்டாம் வரியையும் சரியாக எழுதினான். மூன்றாம் வரியில், 3-இலிருந்து 9-ஐக் கழிக்கவேண்டிய இடத்தில், 6 என்று எழுதினான். விடை 2 என்று வந்தது. சரிபார்த்தால் பொருந்தவில்லை. "இங்கேதான் எப்பவும் தப்பாகுது. ஏன்னு தெரியல" என்றான். அவனுக்கு இயற்கணிதம் விளங்காமல் இல்லை. கீழ் வகுப்புகளில் பயின்ற குறை எண்கள் உறுதிப்படாமலே மேல்வகுப்புக்கு வந்திருந்தான். இத்தனை நாளும் தாங்காத பலகையில் அவனை நிறுத்திவிட்டு, ஏன் நிற்கவில்லை என்று நாம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கூடத்துத் தரையில் சாக்குக்கட்டியால் ஒரு நீண்ட கோடு கிழித்தோம். நடுவில் பூஜ்யம், வலப்புறம் கூட்டல் எண்கள், இடப்புறம் கழித்தல் எண்கள். மூன்றில் நின்று ஒன்பது அடி இடப்புறம் நடந்து பார்க்கச் சொன்னோம். நடந்தான், கழித்தல் ஆறில் போய் நின்றான். அங்கே நின்றபடி நம்மைத் திரும்பிப் பார்த்தான். "அப்போ விடை கழித்தல் இரண்டா?" என்றான். அந்தக் கோடு இரண்டு வாரம் எங்கள் கூடத்தில் அழியாமல் இருந்தது. துணைவியார் அதைத் துடைக்காமல் சுற்றிப் பெருக்கினார்.

ஆண்டுத் தேர்வில் அவன் கணக்கில் 52 மதிப்பெண் பெற்றான். பெருமையாகச் சொல்லும் எண் அன்று. ஆனால் மதிப்பெண் பட்டியலை இம்முறை அவனே கொண்டுவந்து நீட்டினான். நாமும் ஆறு வாரங்களில் வீரராகிவிடவில்லை. நுரை அலையில் மூன்றுக்கு ஒரு முறை நிற்கிறோம். பச்சை அலையில் இன்னும் ஏறவில்லை. நீந்தப் பழகிய பிறகு தானும் வரவேண்டும் என்று மகன் கேட்கிறான். அதற்காகச் சனிக்கிழமைகளில் நீச்சல் பயிற்சிக்குச் செல்கிறான்.

அன்பார்ந்த பெற்றோரே! எல்லாரும் கடலில் இறங்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கடல் இல்லாத ஊரில் இருக்கலாம். உடல்நிலை இடம் தராமல் இருக்கலாம். வீணையோ, தட்டச்சோ, தையலோ, அயல்மொழியோ, நீங்கள் அறவே அறியாத ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். உங்களினும் இளையவர் ஒருவரிடம் சென்று முதல் பாடத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் பிள்ளைகள் பார்க்கத் தவறு செய்யுங்கள். சில வாரங்கள் அவ்வாறு இருந்த பின், மேசையில் புத்தகத்தோடு திகைத்து அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் நீங்கள் கேட்கும் கேள்வி மாறியிருக்கும். நமக்கு அது மாறியது. அதற்குக் கொடுத்த விலை, சில சிராய்ப்புகளும் மூக்கில் புகுந்த கொஞ்சம் உப்புநீரும்தான்.